விட்ட இடத்திலிருந்து தொடங்கலாமா?

ஒரு கலையிலோ, தொழிலிலோ, விளையாட்டிலோ சிறந்து விளங்கிய ஒருவர் இடையிலே அதனைவிட்டு விலகிச் சில ஆண்டுகள் கழித்து மீண்டும் களம் புகுவாராயின், அவரை நாம் இரண்டு விதமாகவே எதிர்கொள்கின்றோம். ஒரு சாரார், "பழைய சிங்கம் திரும்பிவிட்டது, இனிப் பாருங்கள்!" என்று ஆர்ப்பரிப்பர். மற்றொரு சாரார், "போனவர் போனதாகவே இருந்திருக்கலாம், இருந்த பெயரையும் கெடுத்துக்கொள்ள ஏன் வந்தார்?" என்று உதட்டைப் பிதுக்குவர். ஒன்றுக்கொன்று முரணானவைபோலத் தோன்றும் இவ்விரு கூற்றுக்களுக்கும் அடிப்படை ஒன்றே. அவர் விட்ட இடத்திலேயே களம் அவருக்காகக் காத்துக் கிடக்கின்றது, அவர் செய்யவேண்டியதெல்லாம் பழைய திறமையை மறுபடி காட்டுவதுதான் என்னும் எண்ணமே அது. அவ்வெண்ணம் பொருந்தாது என்பது என் கருத்து. அதனை விளக்குவதற்கு நம்மவர் அதிகம் அறிந்திராத ஒரு விளையாட்டை எடுத்துக்கொள்கிறேன். இலக்கியப் பக்கத்தில் விளையாட்டுக்கு என்ன வேலை என்று வினவும் அன்பர்கள் சற்றுப் பொறுத்திருப்பார்களாக.

'போலிங்' என்று நான் குறிப்பிடுவது கிரிக்கெட்டிலே பந்து வீசுவதை அன்று. அமெரிக்காவிலே பெருவழக்காக உள்ள, கட்டைகளை நோக்கிப் பந்துருட்டும் விளையாட்டினையே குறிப்பிடுகின்றேன். ஏறக்குறைய மூன்றரை அடி அகலமான வழுவழுப்பான ஒரு பாதை. அதன் தொடக்கக் கோட்டிலிருந்து அறுபது அடி தொலைவிலே முதற் கட்டை. அதன் பின்னே முக்கோணமாக மேலும் ஒன்பது கட்டைகள். பதினாறு இறாத்தலுக்கு மேற்படாத ஒரு பந்தினை உருட்டி அவற்றை வீழ்த்தவேண்டும். ஓர் ஆட்டத்திலே பத்துச் சுற்றுக்கள். ஒரே உருட்டிற் பத்துக் கட்டைகளையும் வீழ்த்துவதை இடைவிடாது பன்னிரண்டு முறை செய்தவருக்கு 300 புள்ளிகள். அதற்கு மேல் எவரும் பெற இயலாது. 1958ஆம் ஆண்டு எடி இலயாஸ் என்னும் சட்டத்தரணியின் முயற்சியால் ஒகையோ மாநிலத்து அக்ரன் நகரிலே தொழில்முறை ஆட்டக்காரர் சங்கம் தோன்றிய பின்னர், இவ்விளையாட்டினாலேயே வாழ்க்கை நடத்துவோரின் வகுப்பு ஒன்று உருவாயிற்று.

வட அமெரிக்காவிலே உறவினர் வீட்டிற் சில மாதங்கள் தங்கியிருந்த காலத்தில், பிள்ளைகள் என்னையும் அத்தகைய ஓர் அரங்குக்கு இழுத்துச் சென்றனர். நான் உருட்டிய முதற் பந்து பக்கத்துக் கானுக்குள் விழுந்து, ஒரு கட்டையையும் தீண்டாமல் மறைந்தது. ஆயினும் அன்று நான் அறிந்துகொண்ட ஒரு செய்தி இன்றும் என் சிந்தையில் நிற்கின்றது. அந்தப் பாதையின் முன்பகுதியிலே, ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நீளத்துக்கு, எண்ணெய் பூசப்பட்டிருக்கும். கண்ணுக்கு அது எளிதிற் புலப்படாது. எண்ணெய் உள்ள இடத்திற் பந்து வழுக்கிச் செல்லும். எண்ணெய் தீர்ந்த இடத்தில் தரையைப் பற்றி வளையும். பொழுதுபோக்குக்கு ஆடுவோருக்கு நடுவிலே மிகுதியாகவும் ஓரங்களிலே குறைவாகவும் பூசி, பிழைக்குச் சற்று இடங்கொடுப்பர். தொழில்முறைப் போட்டிகளிலோ பூச்சின் நீளமும் அளவும் போட்டிக்குப் போட்டி வேறுபடும். பிழைக்கு இடமும் குறையும். அதுவுமன்றி, ஆட்டம் தொடரத் தொடர, உருளும் பந்துகளே எண்ணெயை வாரிக்கொண்டு போவதால் காலையில் இருந்த பாதை மாலையில் இருப்பதில்லை. தேர்ந்த ஆட்டக்காரர் ஒவ்வொரு உருட்டுக்குப் பின்னும் பந்து போன போக்கைக் கூர்ந்து நோக்கி, நிற்கும் இடத்தை ஓரிரு பலகை மாற்றிக்கொள்வதன் காரணம் இதுவே.

ஒரே நாளில் இத்துணை மாறும் பாதை, ஆண்டுக் கணக்கில் விலகியிருந்து வருபவனுக்கு எவ்வளவு மாறியிருக்கும்! பாதை மட்டுமா? பந்தும் மாறிவிடும். ஆதியில் வன்மரத்தாற் செய்யப்பட்ட பந்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இறப்பராயிற்று, பின்னர் பிளாஸ்ரிக்காயிற்று, 1980களின் தொடக்கத்தில் யூரிதேன் என்னும் பொருளாலும், 1990களின் தொடக்கத்தில் தரையை இன்னும் வலிமையாகப் பற்றும் புதுவகைப் பிசினாலும் செய்யப்படலாயிற்று. பழைய பந்து மெல்ல வளைந்த இடத்திலே புதிய பந்து வெடுக்கெனத் திரும்பும். மரப் பலகைகள் இருந்த இடத்தைச் செயற்கைத் தளங்களும் பிடித்துக்கொண்டன. பத்தாண்டு கழித்து வந்தவன் பழையபடியே பிசகின்றி உருட்டினால், அந்தப் பிசகின்மையே அவனுக்குப் பகையாகும். ஆனால் தோற்றத்திலே எல்லாம் பழையபடியே இருக்கின்றன. அதே அறுபது அடி. அதே பத்துக் கட்டைகள். மீண்டு வருவோர் பலர் ஏமாறுவது இந்த ஒற்றுமையைக் கண்டுதான்.

ஏர்ல் அந்தோனி என்னும் இடக்கை ஆட்டக்காரரின் வரலாறு இங்கு நினைக்கத்தக்கது. 1938ஆம் ஆண்டு பிறந்த இவர், 1963இல் தொழில்முறைப் போட்டிகளிற் புகுந்து, பரிசுப் பணமாக ஒரு சதமேனும் பெறாமல் வீடு திரும்பினார். பலசரக்குப் பண்டகசாலை ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டே ஆண்டுக் கணக்கிற் பயின்றார். பின்பு மீண்டும் வந்து, 1970இல் சியாட்டில் நகரிலே தம் முதற் பட்டத்தை வென்றார். 1975இல் ஒரே பருவத்தில் ஓர் இலட்சம் டொலருக்கு மேல் ஈட்டிய முதல் ஆட்டக்காரர் என்னும் புகழும் அவருக்கு வந்தது. சங்கத்தின் தேசிய வெற்றிப் பட்டத்தை 1973, 1974, 1975 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அடுத்தடுத்து அவரே பெற்றார்.

1978ஆம் ஆண்டு, நாற்பதாவது வயதிலே, அவரை மாரடைப்புத் தாக்கியது. "இனி அவ்வளவுதான்" என்று சொல்ல உலகத்துக்கு அதனினும் தக்க காரணம் வேண்டியதில்லை. அவர் திரும்பி வந்தார். 1981, 1982, 1983 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அதே தேசியப் பட்டம் அவர் கைக்கு மீண்டது. நோய்க்கு முன் மூன்று, நோய்க்குப் பின் மூன்று. ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் என்னும் விருதும் அவ்வாறே 1974 முதல் மூன்று முறையும், 1981 முதல் மூன்று முறையும் அவருக்குக் கிட்டிற்று.

இவ்வளவோடு கதையை நிறுத்திவிட்டால் அது 'பழைய சிங்கம்' கட்சியாருக்கு உவப்பாக இருக்கும். ஆனால் உண்மை அங்கு நிற்கவில்லை. ஓய்வு பெற்று விலகிய அந்தோனி 1987இல் மறுபடியும் வந்தார். இம்முறை முதன்மைச் சுற்றிலே ஒரு பட்டமும் அவருக்குக் கிடைக்கவில்லை. மூட்டுவாத நோய் வருத்த, 1991இல் முற்றாக ஒதுங்கினார்; 2001இல் காலமானார். அவருடைய இந்தக் கடைசி வரவை வீண் என்று சொல்வாருமுளர். நான் அப்படிச் சொல்லமாட்டேன். 1963இல் ஒன்றும் பெறாமற் போனவரும், 1983இல் எல்லாம் பெற்றவரும், 1987இல் பட்டமின்றி உருட்டியவரும் ஒருவரே. மூன்று காலத்திலும் அவர் செய்த தொழிலும் ஒன்றே. முதல் வரவில் அவர் தோற்றபோது அதை வைத்து அவரை அளந்திருந்தால் நாம் எவ்வளவு தவறியிருப்போம்! கடைசி வரவை வைத்து அளப்பதும் அதே தவறாகும்.

களம் மாறிவிட்டதை ஏற்க மறுத்தவருக்கு நேர்வது என்ன என்பதற்கு டெனிஸ் உலகத்திலே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. சுவீடன் நாட்டு பியோன் போர்க், விம்பிள்டன் பட்டத்தை 1976 முதல் ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து வென்றவர். இருபத்தாறு வயதில், 1983இல், விலகிக்கொண்டார். 1991இல் மொண்டி காலோ நகரிலே அவர் மீண்டும் தோன்றியபோது கையில் இருந்தது பழைய மர மட்டை. எதிரிலே நின்றவர்கள் எடை குறைந்த, வலிமை மிகுந்த புதிய மட்டைகளோடு வளர்ந்த தலைமுறையினர். முதற் போட்டியிலேயே தோற்றார். அதன் பின்னர் மட்டையை மாற்றியும், 1993 வரை நீடித்த அந்த மீள்வரவில் ஒரு போட்டியிலேனும் அவர் வெல்லவில்லை. அவருடைய கை பழுதுபட்டிருந்ததென்று நான் கருதவில்லை. எட்டு ஆண்டுகள் நடந்த பாடத்தை அவர் ஒரே நாளிலே தாண்டிவிட முயன்றார் என்றே கருதுகின்றேன்.

இனி, தாமாக விலகாதவர்களைப் பற்றியும் சொல்லவேண்டும். நோயும் முதுமையும் சலிப்புமே ஒருவரைக் களத்தினின்றும் பிரிப்பன என்று நினைப்பதற்கில்லை. சில வேளைகளிற் களமே காலின் கீழிருந்து மறைந்துவிடுகின்றது. அமெரிக்கப் பெண்களின் தொழில்முறைப் போலிங் சுற்று, பண முடையினால் 2003ஆம் ஆண்டு நின்றுபோயிற்று. அவ்வாண்டு பெண்களுக்கான அமெரிக்கத் திறந்த போட்டியில் வென்ற கெலி குலிக் என்னும் இளம் பெண், வென்ற கையோடு ஆடுவதற்குச் சுற்று இல்லாதவரானார். தகுதிகாண் போட்டியிலே ஆண்களோடு பொருது, 2006இல் அவர்களுடைய சுற்றிலே பருவம் முழுவதும் ஆடும் உரிமையை ஈட்டிய முதற் பெண் அவரே. 2010ஆம் ஆண்டு சனவரியில், லாஸ் வேகாஸ் நகரிலே, வெற்றியாளர்க்கெல்லாம் வெற்றியாளரைத் தெரியும் போட்டியின் இறுதியாட்டத்தில், முன்னணி ஆட்டக்காரரான கிறிஸ் பார்ன்ஸை 265 - 195 என்ற புள்ளியில் வென்றார். அச்சுற்றிற் பட்டம் பெற்ற முதற் பெண்ணும் அவரே.

பெண்களின் சுற்று மீண்டும் உயிர்பெற 2015 வரை ஆயிற்று. பன்னிரண்டு ஆண்டுகள்! ஒரு குழந்தை பிறந்து இடைநிலை வகுப்பை எட்டிப் பார்க்கும் காலம். மீண்ட அந்தச் சுற்றிலே ஆண்டின் சிறந்த ஆட்டக்காரராகத் தெரியப்பட்டவர், நாற்பது வயதைக் கடந்த லிஸ் ஜோன்சன். அடுத்து வந்த 2016, 2017 ஆகிய ஆண்டுகளிலும் அவரே. சுற்று இல்லாத காலத்தில் அவர் கையைக் கட்டிக்கொண்டிருக்கவில்லை. 2005இல் ஆண்களின் சுற்றிலே இறுதியாட்டம்வரை சென்றவர் அவர். களம் இல்லாதபோதும் பயிற்சியை விடாதவருக்குக் களம் திரும்பியபோது அந்நியமாக இருக்கவில்லை.

முதியவர் திரும்பி வந்தால் இளையவரின் இடம் பறிபோகாதா என்பது நியாயமான வினா. வாயிற்கதவு பழைய பெயருக்காகத் திறக்கப்படுமாயின் அது பறிப்பேதான். அதனை நானும் எதிர்ப்பேன். ஆனால் எல்லோரும் நிற்கும் வரிசையிலே நின்று, எல்லோரும் எழுதும் பரீட்சையை எழுதி உள்ளே வருபவர் எவருடைய இடத்தையும் பறிக்கவில்லை. பந்துருட்டும் பாதையிலே இந்த நீதி தெளிவாகத் தெரிகின்றது. அறுபது அடிக்கு அப்பால் நிற்கும் கட்டைக்கு, உருட்டியவர் யார் என்று தெரியாது.

நம்மிடையே இந்த நீதி நிலவுகின்றதா? என்னோடு படிப்பித்த ஆசிரியை ஒருவர், பிள்ளைகளையும் நோயுற்ற மாமியாரையும் பராமரிக்கும் பொருட்டு விலகி, பதினொரு ஆண்டுகள் கழித்து வகுப்பறைக்கு மீண்டார். அவர் பெயரையோ பாடசாலையின் பெயரையோ சொல்லவேண்டியதில்லை. முதல் நாளே ஆசிரியர் அறையில் ஒருவர், "ரீச்சர் பழைய கொப்பிகளைத் தூசு தட்டிக் கொண்டுவந்திருக்கிறா போல" என்றார், சிலர் சிரித்தனர். அந்த அம்மையார் மறுமொழி சொல்லவில்லை. தம்மிலும் பதினைந்து வயது இளைய ஓர் ஆசிரியரிடம் அனுமதி கேட்டு, ஒரு தவணை முழுவதும், ஓய்வுப் பாடவேளைகளில் அவருடைய வகுப்பின் கடைசி வாங்கிலே அமர்ந்து பாடம் கேட்டார். வாங்கும் மேசையும் கரும்பலகையும் பழையனவே. பாடத்திட்டமும் வினாத்தாளும் பிள்ளைகளின் மனமும் புதியன என்பதை அவர் அறிந்திருந்தார். பாதையிலே பூசிய எண்ணெயைக் கண்டுகொண்டவர் அவர். சிரித்தவர்களோ பாதையை மட்டுமே கண்டார்கள்.

இதைக் கருத்திற் கொண்டு இரண்டு விண்ணப்பங்களை முன்வைக்கின்றேன். முதலாவது, மீண்டு வருவோருக்கு. இருபது ஆண்டுகள் எழுதாதிருந்த கவிஞர் மறுபடி எழுத விழைந்தால், முதலில் அந்த இருபது ஆண்டுகளிற் பிறர் எழுதியவற்றைப் படிப்பாராக. பழைய பாராட்டுரைகளைச் சபையில் விரித்துக் காட்டுவதிலும் அது கடினமானது, பயனும் மிகுதி. இரண்டாவது, எஞ்சியோருக்கு. இதழாசிரியர்களும் அதிபர்களும் சங்கங்களின் நிருவாகிகளும், வந்தவருக்கு ஓர் ஆண்டேனும் அவகாசம் கொடுத்துவிட்டு, இன்று அவர் செய்வதை இன்றைய அளவுகோலால் அளப்பார்களாக. முன்னர் இருந்ததோடு ஒப்பிட்டுப் புகழவும் வேண்டாம், இகழவும் வேண்டாம். போரினாலும் இடப்பெயர்வினாலும் குடும்பச் சுமையினாலும் இடையிலே நின்றுபோன கல்விகளும் கலைகளும் நம் நாட்டிலே எண்ணிறந்தவை. அவற்றைத் தொடர விரும்பி வாயிலில் நிற்பவர்கள் இன்றும் நம் ஊர்களில் இருக்கின்றார்கள். வாருங்கள் என்று சொல்லி, கடைசி வாங்கிலே சற்று ஒதுங்கி இடங்கொடுப்பது நம்மால் இயலாத காரியமன்று.