நூமியாவின் குடிசைகளுக்குப் பட்டா கொடுங்கள்

பிரான்ஸின் பசிபிக் ஆட்சிப்பகுதியான நியூ கலிடோனியாவில் 2024 மே மாதம் வெடித்த கலவரத்துக்கு வாக்காளர் பட்டியல் திருத்தமே காரணம் என்பது பாதி உண்மைதான். தலைநகர் நூமியாவிலும் அதை ஒட்டிய ஊர்களிலும் கடைகளும் கிடங்குகளும் எரிந்ததற்கு அந்த நகரம் வளர்ந்த விதமும் காரணம். 1946 வரை பூர்வகுடி கனக் மக்கள் தமக்கென ஒதுக்கப்பட்ட நிலத்தை விட்டு அனுமதியின்றி வெளியேற முடியாது என்பதே சட்டம். இன்றும் தெற்கே கடற்கரை விடுதிகள்; நகரின் ஓரங்களிலோ தகரக் கூரைக் குடிசைகள்.

அந்தக் குடிசைகளில் வாழும் கனக் மக்களுக்குச் சொந்த ஊரில் குல நிலம் இருக்கிறதே, திரும்பிப் போகலாமே என்று சிலர் கேட்பார்கள். வேலை, பெரிய மருத்துவமனை, பல்கலைக்கழகம் எல்லாம் நூமியா வட்டாரத்தில் குவிந்து, மக்கள்தொகையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினரும் அங்கேயே வாழும்போது, ஊர் நிலம் மட்டும் சோறு போடாது. பாரிஸ் அரசியல் சாசனம் பற்றிப் பேசட்டும். கூடவே அந்தக் குடிசைகளுக்குப் பட்டாவும் குடிநீரும் பேருந்தும் கிடைக்க வழி செய்யட்டும்.