குழாய்க்குள் வரப்பு

குழந்தை பாலுக்கு அழுகிறது; பாலோ கொதிக்கக் கொதிக்க இருக்கிறது. என்ன செய்வீர்கள்? ஓர் அகலத் தட்டில் தண்ணீர் விட்டு, அதில் பால் பாத்திரத்தை வைத்துக் கரண்டியால் கலக்குவீர்கள். கலக்காமல் விட்டால் ஓரத்துப் பால் மட்டும் ஆறும். நடுவில் உள்ளது சுட்டுக்கொண்டே இருக்கும். கலக்கினால் சீக்கிரம் ஆறும். ஆனால் கை வலிக்கும்!

ஏர்கண்டிஷனர் செய்கிறவர்களின் கவலையும் இதேதான் என்றால் நம்புவீர்களா?

அந்த யந்திரத்துக்குள் வளைந்து வளைந்து போகும் தாமிரக் குழாய்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் ஓடும் திரவம் அறையின் உஷ்ணத்தை வாங்கிக்கொண்டு ஆவியாகிறது. ஆனால் குழாயின் சுவரை ஒட்டிய மெல்லிய படலம் மட்டும் சோம்பேறி. மந்தமாக நகர்ந்து, உஷ்ணம் உள்ளே புகாதபடி போர்வை போல் மறிக்கிறது.

குழாய்க்குள் கரண்டியை விட முடியுமா? அதற்குத்தான் ஒரு யுக்தி கண்டுபிடித்தார்கள். ஜப்பானில் ஹிட்டாச்சி கேபிள் கம்பெனியார் 1977-ல் குழாயின் உட்புறத்தில் பொடிப்பொடியாக வரப்புகளை எழுப்பினார்கள். இன்றைய குழாய்களில் இவற்றின் உயரம் பெரும்பாலும் கால் மில்லிமீட்டருக்குள்தான். சுமார் 50, 60 வரப்புகள், திருகாணியின் மரை போல் சாய்ந்து ஓடும். இதனால் இரண்டு லாபம்: உஷ்ணம் வாங்கும் பரப்பு பெருகுகிறது, திரவமும் சுழன்று சுவரைச் சுற்றிலும் நனைக்கிறது.

அப்படியானால் வரப்பை இன்னும் உயர்த்தினால் என்ன? அங்கேதான் கைவலி வந்து சேருகிறது! வரப்பு உயர உயர உராய்வும் கூடும். திரவத்தைத் தள்ளும் கம்ப்ரெஸர் அதிகம் உழைக்கவேண்டும். அந்த உழைப்புக்குக் கூலி மின்சார பில்லில் வரும். ஆகவே, உராய்வில் கொடுப்பதைவிட உஷ்ணத்தில் பெறுவது அதிகமாக இருக்கும் அளவோடு நிறுத்திக்கொள்கிறார்கள். வரவு செலவு பார்த்துக் குடும்பம் நடத்தும் உங்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லித் தரவா வேண்டும்?

ஒரு விஷயம் மட்டும் உங்கள் கையில் இருக்கிறது. குழாய்க்குள் எத்தனை வரப்பு இருந்தும், அறைக் காற்று குழாயை வந்து தொடாவிட்டால் பயன் இல்லை. முகப்பில் உள்ள வடிகட்டியில் தூசி அடைத்தால் பாடெல்லாம் வீண். கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை சுவிட்சை அணைத்துவிட்டு, அதைக் கழற்றிக் கழுவி, நன்றாக உலர்த்தி மாட்டுங்கள். உள்ளே வரப்பு தன் வேலையைச் செய்யும். வெளியே காற்றுக்கு வழிவிடுவது நம் வேலை அல்லவா?