வெனிஸ் நகரின் வாயில் வரி

தன்னைக் காண வருவோரிடம் ஒரு நகரம் கட்டணம் வசூலிப்பது நியாயமா? இத்தாலி தேசத்து வெனிஸ் நகரசபை, 2024-ஆம் வருஷம் ஏப்ரல் 25-ஆம் தேதி முதல், கூட்டம் மிகுந்த சில தினங்களில், இரவு தங்காமல் பகலில் வந்து மீளும் பிரயாணிகளிடம் ஆளொன்றுக்கு 5 யூரோ வசூலிக்கத் தொடங்கியது. மறுவருஷம், முன்கூட்டிச் செலுத்தத் தவறியவர்களுக்கு அது 10 யூரோவாயிற்று. அங்கு சென்று திரும்பிய நண்பர் சிலர் இதனை அநியாயமென்று நம்மிடம் முறையிட்டனர். நமது அபிப்பிராயம் வேறு.

நாம் அந்நகருக்குச் சென்றிருந்த காலத்தில் ரியால்டோ பாலத்தருகே ஒரு மருந்துக்கடை ஜன்னலில் ஓர் எண் ஒளிர்ந்துகொண்டிருந்தது. பழைய நகரில் எஞ்சியுள்ள குடிகளின் தொகை அது. மாளிகைகளை மறந்தாலும் அவ்வெண்ணை நாம் மறக்கவில்லை. 1951-இல் சுமார் 1,75,000 பேர் வாழ்ந்த அவ்விடத்தில் 2022-இல் 50,000-க்கும் குறைந்தவரே இருந்தனர். 1966 நவம்பர் 4-ஆம் தேதி 194 சென்டிமீட்டர் உயர்ந்த கடல் வெள்ளத்திற்குப் பின் பலர் வெளியேறியது உண்மையே. ஆனால் பிற்காலத்தில் குடிகளைத் துரத்தியது பிரயாணிகளின் வெள்ளம். வீடுகள் விடுதிகளாயின, வாடகை ஏறிற்று, காய்கறிக் கடை இருந்த இடத்தில் முகமூடிக் கடை வந்தது. குடிகளற்ற நகரம் வெறும் பொருட்காட்சிசாலையே.

ஆதலின் வரி விதிக்கும் உரிமை அந்நகரத்தாருக்கு உண்டு. எனினும் ஐந்து யூரோவுக்கு அஞ்சி எவரும் திரும்பிப்போகார். வீடுகளைக் குடிகளுக்கே காக்கும் சட்டமன்றோ முதலில் வேண்டும்? மேலும், காசு கொடுத்தாயிற்றென்னும் எண்ணம் பிரயாணியைத் தன் கடமையை மறக்கச் செய்யுமாயின், வரியால் தீமையே விளையும்.

அங்கு செல்லும் நேயர்களுக்குச் சில யோசனைகள். கோடையை விடுத்துக் குளிர்காலத்தில் செல்லுங்கள். இரண்டு இரவேனும் முறையான ஹோட்டலில் தங்குங்கள்; ஒரு குடும்பம் வாழவேண்டிய வீட்டை வாடகைக்குப் பிடிக்க வேண்டாம். கொண்டோலாவில் அரைமணி செல்ல 90 யூரோ ஆகும்; 1-ஆம் எண் பொதுப் படகில் ஏறினால் பெருங்கால்வாய் முழுவதையும் நிதானமாகக் காணலாம். காலையில் ரியால்டோ சந்தையில் குடிகளோடு நின்று பழம் வாங்குங்கள். குறுகிய சந்துகளில் வலப்புறமாக நடவுங்கள். பாலத்துப் படிகளில் அமர்ந்து வழி மறிக்காதீர்கள்.

பிறர் வீட்டில் விருந்தினராக நடந்துகொள்ளும் முறை நமக்குப் புதிதன்று. பிறர் நகரிலும் அம்முறையே தகும்.