ஹெச்பிடி என்பது வாழ்த்து அல்ல

கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன். முழுவதும் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

அடுத்த மாதம் நம் பழைய தலைமையாசிரியருக்கு 80 வயது நிறைகிறது. ஆளுக்கு ஒரு வரி எழுதி, எல்லாவற்றையும் ஒரே வாழ்த்து அட்டையாக அச்சடித்துக் கொடுப்பது என்று முடிவு செய்திருக்கிறீர்கள். நல்ல முடிவு. ஆனால் இதுவரை வந்திருப்பதைப் பார்த்தேன். "ஹெச்பிடி சார்". அதன் கீழே இன்னொரு "ஹெச்பிடி". அதற்கும் கீழே ஒரு கேக் படம். பிறகு ஒருவர் எழுதிய "இனிய பிறந்தநாள் வாழ்த்துக்கள்", அதையே நகலெடுத்து ஒட்டிய ஏழெட்டுப் பேர். (அந்த 'க்' வருமா வராதா என்ற சண்டையை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.) பரீட்சை ஹாலில் இப்படிப் பார்த்து எழுதியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

"சுருக்கமாகத்தானே சார் எழுதச் சொன்னார்கள்?" என்பீர்கள். சுருக்கம் வேறு, வெறுமை வேறு.

தந்தி இருந்த காலத்தில் வாழ்த்துகளுக்கு எண் உண்டு. தபால் ஆபீசில் உள்ள பட்டியலைப் பார்த்து ஓர் எண்ணைச் சொன்னால் போதும். அந்த எண்தான் கம்பியில் போகும். அந்தப் பக்கம் இருப்பவர் அதற்குரிய வாக்கியத்தை எழுதிக் கொடுப்பார். அன்று சொல்லுக்குச் சொல் காசு, அதனால் அதில் நியாயம் இருந்தது. அந்தத் தந்தியையே 2013 ஜூலையில் நிறுத்திவிட்டார்கள். இன்று எவ்வளவு எழுதினாலும் காசில்லை. அப்படியிருந்தும் நீங்கள் எண்ணைத்தான் அனுப்புகிறீர்கள்.

பிறந்தநாளன்று அர்ச்சனைக்குப் போனால் குருக்கள் என்ன கேட்கிறார்? பேர் என்ன, நட்சத்திரம் என்ன என்கிறார். எல்லாம் அறிந்த சாமியிடம் சொல்வதற்கே இன்னாருக்கு என்ற விவரம் வேண்டியிருக்கிறது. உங்கள் ஹெச்பிடியை அப்படியே எடுத்து வேறு யார் அட்டையில் ஒட்டினாலும் பொருந்தும். எல்லாருக்கும் பொருந்துவது யாருக்கும் உரியதல்ல.

கூட்டு அட்டைக்கு இலக்கணம் வேண்டுமா? நம் பெரிய கோயில் சுவரைப் பாருங்கள். ஐப்பசி சதயத்தில் பிறந்தநாள் கொண்டாடுகிறோமே, அந்த ராஜராஜன், தான் கொடுத்ததோடு தன் அக்கா குந்தவை கொடுத்ததையும், தேவியர் கொடுத்ததையும், மற்றவர்கள் கொடுத்ததையும் கல்லிலே வெட்டச் சொன்னான். "பலரும் பொன் கொடுத்தார்கள்" என்று ஒரே வரியில் முடித்திருக்கலாம். முடிக்கவில்லை. யார் கொடுத்தார், என்ன நகை, கழஞ்சு எத்தனை, மஞ்சாடி எத்தனை, குன்றி எத்தனை, முத்து எத்தனை என்று தனித்தனியாக இருக்கிறது. கோயில் பணிக்கு வந்த 400 தளிச்சேரிப் பெண்டுகளுக்கும் பெயர், வந்த ஊர்க் கோயில், குடியிருந்த வீடு என்று ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு. ஆயிரம் ஆண்டு கழித்தும் நாம் அதைப் படிப்பது அந்த விவரத்துக்காகத்தான்.

"மனசுல இருக்கு சார், எழுத வரல" என்பது அடுத்த சாக்கு. இதை நான் நம்பமாட்டேன். சென்ற ஆண்டு நம் கணக்கு வாத்தியார் காலமானபோது இதே குழுவில் என்னவெல்லாம் எழுதினீர்கள்! பரீட்சைப் பணம் கட்டியது யார், மதியம் தன் டப்பாவைப் பாதி கொடுத்தது யார், வீடு தேடி வந்து அப்பாவிடம் பேசிப் படிப்பைத் தொடரவைத்தது யார் என்று பத்திப் பத்தியாக எழுதினீர்கள். படித்து நான் அழுதேன். படிக்கவேண்டியவர் மட்டும் படிக்கவில்லை. அதற்கு மூன்று மாதம் முன்பு அவருடைய பிறந்தநாள் வந்தது. அன்று அதே கைகள் போட்டது ஹெச்பிடி.

ஆகவே எழுத வராமல் இல்லை. ஆள் போன பிறகுதான் எழுதவேண்டும் என்று ஒரு கெட்ட பழக்கம் வந்துவிட்டது.

தலைமையாசிரியர் இப்போது தனியாக இருக்கிறார். பிள்ளைகள் வெளிநாட்டில். அந்த அட்டையைக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு பெயராகத் தேடிப் படிப்பார். ஒரு முறையோடு விடமாட்டார். நாற்பது ஹெச்பிடியை அவர் என்ன செய்வார்?

பெரிதாக ஒன்றும் வேண்டாம். ஒரே வரி. அவருக்கும் உங்களுக்கும் மட்டும் தெரிந்த ஒரு விஷயம் அதில் இருக்கட்டும். "சார், ஆற்றில் தண்ணீர் வந்த அன்று எங்களைக் கரைக்கு அழைத்துப்போய் மதகைக் காட்டினீர்கள். இன்று நான் பாசனப் பொறியாளர்." "சார், எல்லாரும் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது நீங்கள் மட்டும் இனிஷியலோடு கூப்பிட்டீர்கள்." "சார், நீங்கள் அடித்த அடி இன்னும் நினைவிருக்கிறது, அது அநியாயம், ஆனாலும் நூறாண்டு இருங்கள்." மூன்றாவதைப் படித்தால் அவர் விழுந்து விழுந்து சிரிப்பார். இலக்கணப் பிழை இருந்தால் இருக்கட்டும், நான் சிவப்பு மை எடுக்கமாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஹெச்பிடி போட்டவர்கள் சனிக்கிழமைக்குள் அழித்துவிட்டு மறுபடி எழுதவும். இம்போசிஷன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நூறு தடவை வேண்டாம், ஒரு தடவை போதும்.