கீரைக்கட்டைப் பிரிச்சுப் பார்க்கிறவங்க மனையிடத்துக்கு மட்டும் ஏன் கண்ணை மூடிக்கிறீங்க?

மதுரை அண்ணா நகர் உழவர் சந்தை 1999 நவம்பர் 14ல் திறந்தது. தமிழ்நாட்டிலேயே முதல் உழவர் சந்தை அதுதான். அங்கே காய் கொண்டுபோய் வச்சு உட்கார்ந்த எவனைக் கேட்டாலும் சொல்லுவான், நம்ம டவுன்காரங்க மாதிரி விவரமா சாமான் வாங்குற ஆளுக கிடையாதுன்னு. கத்திரிக்காயைத் திருப்பித் திருப்பிச் சொத்தை பார்ப்பாங்க. வெண்டைக்காய் நுனியை ஒடிச்சுப் பார்ப்பாங்க. கீரைக்கட்டைப் பிரிச்சு உள்ளே பழுத்த இலை வச்சிருக்கோமான்னு பார்ப்பாங்க. போர்டுல விலை எழுதியிருந்தாலும் அஞ்சு ரூபாய் குறைக்கச் சொல்லுவாங்க. அதைத் தப்புன்னு நான் சொல்லல. காசு குடுக்கிறவன் பார்த்துத்தான் வாங்கணும்.

கார் வாங்குறதா இருந்தா மூணு ஷோரூம் ஏறி இறங்கி, ஓட்டிப் பார்த்து, அதே வண்டி வச்சிருக்கிற சொந்தக்காரங்ககிட்ட எல்லாம் மைலேஜ் விசாரிப்பாங்க. இதே ஆளுங்க, இருபது வருஷம் தவணை கட்டப்போற வீட்டு மனையை மட்டும் ஒரு ஞாயித்துக்கிழமையில முடிவு பண்ணுறாங்க. கம்பெனிக்காரன் அனுப்புற வேன்ல ஏறுறாங்க, சைட்ல போட்ட சாமியானாவுக்குக் கீழே பிரியாணி சாப்பிடுறாங்க, அங்கேயே அட்வான்ஸ் குடுத்துட்டு வீட்டுக்குப் போறாங்க. அந்த வேன் எங்க ஊரு வழியாத்தான் போகுது. ஒரு தடவையாவது யாராவது இறங்கி, “இந்த இடத்துல தண்ணி நிக்குமா?”ன்னு எங்களைக் கேட்டதுண்டா? கேட்டதில்ல. என்னோட சண்டையே இதுதான்.

முதல்ல அந்த “சலுகை” கணக்கைப் பாருங்க. “இலவசப் பத்திரப்பதிவு, தங்கக்காசு, இன்னைக்கு புக் பண்ணுறவங்களுக்கு மட்டும்”. தமிழ்நாட்டுல கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக்கட்டணம் 2 சதவீதம், மொத்தம் 9. நீங்க 12 லட்சம் குடுக்குறீங்கன்னு வைங்க. ஒரு லட்சத்து எட்டாயிரம் மிச்சம்னு உங்களுக்குத் தோணும். ஆனா பல இடத்துல பத்திரத்துல எழுதுறது அரசாங்கத்தோட வழிகாட்டி மதிப்பை மட்டும்தான். அது 4 லட்சம்னா அவனுக்குச் செலவு 36,000. அதையும் விலையில ஏத்தித்தான் வச்சிருப்பான். மீதி 8 லட்சத்துக்கு உங்க கையில காகிதம் கிடையாது. நாளைக்கு வழக்குன்னு வந்தா, நீங்க 12 லட்சம் குடுத்தீங்கன்னு உங்க பத்திரமே சாட்சி சொல்லாது. இதுக்குப் பேரு சலுகையா?

அடுத்தது “பஞ்சாயத்து அப்ரூவல்”. இந்த வார்த்தையைக் கேட்டாலே வேனை விட்டு இறங்கிடுங்க. மனைப்பிரிவுக்குத் தொழில்நுட்ப அனுமதி குடுக்க வேண்டியது நகர் ஊரமைப்புத் துறை. பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்தும் ரப்பர் ஸ்டாம்பும் மட்டும் இருந்தா அது அங்கீகாரம் ஆகாது. அப்படி வாங்கினவங்க கதி என்னாச்சுன்னு மறந்துட்டோம். 2016 செப்டம்பர் 9ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம், அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதியக்கூடாதுன்னு உத்தரவு போட்டுச்சு. பிள்ளை கல்யாணத்துக்கு, காலேஜ் பீஸுக்குன்னு வாங்கிப் போட்டவங்க விக்கவும் முடியாம கட்டவும் முடியாம நின்னாங்க. 2017ல் அரசாங்கம் வரன்முறை விதி கொண்டு வந்தது. 2016 அக்டோபர் 20க்கு முந்தின மனைன்னா கட்டணம் கட்டிச் சரி பண்ணிக்கலாம். அப்பவும் கண்மாய், வாய்க்கால் மாதிரி நீர்நிலையில இருக்கிற மனைக்கு வரன்முறை கிடையாது. எவ்வளவு பணம் கட்டினாலும் கிடையாது.

ரெரா சட்டம் வந்த பிறகு உங்க கையில ஆயுதம் இருக்கு. 500 சதுர மீட்டருக்கு மேல இருக்கிற மனைப்பிரிவை ரெராவுல பதியாம விளம்பரமே பண்ணக்கூடாது. பதிவு பண்ணின விற்பனை ஒப்பந்தம் இல்லாம விலையில 10 சதவீதத்துக்கு மேல வாங்கக்கூடாது. நோட்டீஸ்ல ரெரா நம்பர் இருக்கான்னு பார்க்கிறதுக்கு ஒரு நிமிஷம் போதும். வெண்டைக்காய் நுனியை ஒடிக்கிற நேரம்தான்.

இதெல்லாம் காகிதம். காகிதம் அவசியம் வேணும். ஆனா எல்லாக் காகிதமும் சரியா இருந்தும் வீட்டுக்குள்ள தண்ணி வரும். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவே.

மதுரையைச் சுத்தி இருக்கிறது கண்மாய்ப் பூமி. ஒரு கண்மாய் நிறைஞ்சா கலுங்கு வழியா மறுகால் பாய்ஞ்சு அடுத்த கண்மாய்க்குப் போகும். அது நிறைஞ்சா அதுக்கடுத்த கண்மாய். சங்கிலி மாதிரி ஒண்ணோட ஒண்ணு கோர்த்துக் கடைசியில வைகையில போய்ச் சேரும். நடுவுல ஒரு கண்ணி அறுந்தா தண்ணி நின்னுடாது, வேற வழி தேடும். சொக்கிகுளம், பீபிகுளம், ஆத்திகுளம், கோசாகுளம்னு நீங்க ஆட்டோக்காரருக்குச் சொல்ற பேரெல்லாம் என்ன பேரு? பேருலேயே தண்ணி இருக்கு.

தனியார் கம்பெனிக்காரனை மட்டும் திட்டிப் பிரயோசனம் இல்ல. 2004ல் திறந்த உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே உலகனேரிக் கண்மாய் இருந்த இடத்துலதான் நிக்குது. ஆக்கிரமிப்பு வழக்கை விசாரிக்கிற இடமே கண்மாய் நிலம்னா, மத்த கட்டடத்தைப் பத்தி என்ன பேசுறது? அரசாங்கம் அனுமதி குடுத்துட்டா அது மேடாத்தான் இருக்கும்னு நம்பாதீங்க. அனுமதி மேஜையில குடுக்கிறது. தண்ணி தரையில ஓடுறது.

2024 அக்டோபர் மழையை மறந்திருக்க மாட்டீங்க. செல்லூர்க் கண்மாயும் பந்தல்குடி வாய்க்காலும் நிறைஞ்சு, வீட்டுக்குள்ள தண்ணி புகுந்தது. அடுத்த மாசமே பீபிகுளம் முல்லை நகர்ல, நீர்நிலை ஆக்கிரமிப்புன்னு நீர்வளத்துறை நோட்டீஸ் குடுத்தது. வருஷக்கணக்கா குடியிருந்த சனம் தெருவுல உட்கார்ந்து போராடினாங்க. அவங்களைக் குறை சொல்ல எனக்கு மனசில்ல. போக்கிடம் இல்லாம வந்தவங்க அவங்க. ஆனா இன்னைக்கு ஏசி கார்ல வந்து 15 லட்சத்துக்கு மனை பார்க்கிற உங்களுக்கு, விசாரிச்சு வாங்க வசதியும் இருக்கு, படிப்பும் இருக்கு.

எங்க வயலுக்குப் பக்கத்துல ஒரு மனைப்பிரிவு போட்டாங்க. யாருன்னு சொல்லல, அது இங்க முக்கியமில்ல. நஞ்சையில ரெண்டு அடிக்குக் கிராவல் கொட்டி மேடாக்கினாங்க. நடுவுல போன வாய்க்கால் இப்ப “30 அடி ரோடு”. விளைவு, ஆனியில எனக்குத் தண்ணி வந்து சேரல, கார்த்திகையில வந்த தண்ணி வடியல. நட்ட நாத்து அழுகிப்போச்சு. அங்கே வீடு கட்டின ஒரு சார்வாள் என்கிட்ட வந்து, “அண்ணே, எங்க தெருவுல முழங்கால் தண்ணி நிக்குது, பஞ்சாயத்துல யாரைப் பார்க்கணும்?”னு கேட்டார். உங்க தெருவுல தண்ணி நிக்குறதுக்கும் என் வயல்ல நாத்து அழுகுறதுக்கும் காரணம் ஒரே வாய்க்காலை மூடினதுதான். நாம ரெண்டு பேரும் ஒரே கட்சி. அது உங்களுக்குப் பத்திரம் பதிஞ்ச பிறகுதான் தெரியுது.

“பேசுவீங்க பாஸ், நிலத்தை வித்ததே உங்க ஆளுங்கதானே?”ன்னு கேட்பீங்க. ஆமா, நாங்கதான் வித்தோம். விளைஞ்சதுக்கு விலை கிடைக்காம, பொண்ணு கல்யாணக் கடனுக்கு வித்தவன் இருக்கான். ஆஸ்பத்திரிச் செலவுக்கு வித்தவன் இருக்கான். அவன் வித்தது தேவைக்கு. நீங்க வாங்குறது யோசிச்சு. யோசிக்கிறவன்தான் கேள்வி கேட்கணும். “மதுரைக்குள்ள சென்ட் என்ன விலை விக்குது, நாங்க எங்கே போறது?”ன்னும் கேட்பீங்க. நியாயம்தான். வாங்காதீங்கன்னு நான் சொல்லல. மேட்டுப் புஞ்சை நிறைய கிடக்கு. கண்மாய்க்கு உள்வாயிலயும் கலுங்குக்கு நேர் கீழேயும் சென்ட் கொஞ்சம் மலிவாத்தான் கிடைக்கும். ஏன் மலிவுன்னு கேளுங்க. சொத்தைக் கத்திரிக்காய் மலிவா வந்தா வாங்குவீங்களா?

அட்வான்ஸ் குடுக்கிறதுக்கு முன்னாடி பார்க்க வேண்டியது இவ்வளவுதான். சர்வே நம்பர் கேட்டு வாங்குங்க. அந்த நம்பருக்கு மட்டும் இல்லாம, அதை ஒட்டி இருக்கிற நம்பருக்கும் அ-பதிவேடு பாருங்க. ஆன்லைன்லயே வரும். பக்கத்துல “வாய்க்கால்”, “ஓடை”, “கண்மாய்”னு இருந்தா, அந்த வாய்க்கால் இப்ப தரையில எங்கே ஓடுதுன்னு நேர்ல போய்த் தேடுங்க. காணலைன்னா உங்க மனைக்கு அடியிலதான் இருக்கும். புலப்படமும் கிராம வரைபடமும் வாங்கிப் பாருங்க. வில்லங்கச் சான்றும் தாய்ப்பத்திரமும் வக்கீல்கிட்ட குடுங்க. கம்பெனிக்காரன் காட்டுற வக்கீல் வேணாம், நீங்களா பார்க்கிற வக்கீல். “அட்வான்ஸ் குடுத்தாத்தான் ஜெராக்ஸ் தருவோம்”னு சொன்னா, அந்த இடம் உங்களுக்கு வேணாம்.

அப்புறம் ஊருக்குள்ள வாங்க. டீக்கடையில உட்காருங்க. மடை திறக்கிறவர் யாருன்னு கேளுங்க. கலுங்கு எந்தப் பக்கம், மறுகால் எப்படிப் போகும், பெருமழைக்குத் தண்ணி எதுவரைக்கும் ஏறும், போர் எத்தனை அடி, தண்ணி உப்பான்னு கேளுங்க. அவருக்குச் சர்வே நம்பர் தெரியாம இருக்கலாம். தண்ணி போற தடம் அத்துப்படி.

வர்ற நேரமும் முக்கியம். மனை விக்கிறவன் உங்களைச் சித்திரையில கூட்டிட்டு வருவான். அப்ப கண்மாயே கிரிக்கெட் கிரவுண்டு மாதிரிதான் இருக்கும். நீங்க ஐப்பசியில வாங்க. நல்ல மழை பெஞ்சு ரெண்டு நாள் கழிச்சு, அவன் வேன்ல இல்லாம உங்க வண்டியில, செருப்பைக் கழட்டிட்டு இறங்குற மாதிரி வாங்க. தண்ணி எங்கே நிக்குது, எங்கே ஓடுதுன்னு நாங்க கூட நடந்து வந்து காட்டுறோம். அதுக்கு எங்களுக்குக் கமிஷன் கிடையாது.