சொல் விளக்கம்: 'வெஸ்ற்'

காணி உறுதிகளையும் சட்டங்களையும் ஆங்கிலத்தில் வாசிக்கும் மாணவரை மயங்கவைக்கும் வினைச்சொல் ஒன்று உண்டு. அது 'வெஸ்ற்' என்பது. கையில்லாத மேற்சட்டைக்கும் இதே பெயர். உடைக்கும் உரிமைக்கும் உறவு என்ன? ஆடையைக் குறிக்கும் 'வெஸ்டிஸ்' என்னும் இலத்தீன் சொல்லே இரண்டுக்கும் தாய். உடை உடுத்துவதுபோல ஒருவருக்கு உரிமையை அணிவிப்பதே இவ்வினையின் கருத்து. நமது சட்டத்தமிழ் இதனை 'உரித்தாதல்', 'உரித்தாக்குதல்' என வழங்கும்.

இதனை ஆளும் முறை இரண்டு. சொத்து எழுவாயாக நின்றால், பெறுபவரின் பெயருக்கு முன் 'இன்' வரும். பெறுபவர் எழுவாயாகிச் செயப்பாட்டுவினையில் நின்றால், அவர் பெற்ற அதிகாரத்தின் முன் 'வித்' வரும். கல்குடாவில் ஒரு தாய் தன் வீட்டையும் வளவையும் மகளுக்குச் சீதன உறுதி எழுதிக் கொடுக்கிறாள் எனக் கொள்வோம். 'வீடு மகளுக்கு உரித்தாகிறது' என எழுத 'இன்' வேண்டும். 'நீதிமன்றத்துக்கு விசாரிக்கும் அதிகாரம் அளிக்கப்பட்டுள்ளது' என்பதை நீதிமன்றத்தை எழுவாயாக்கி எழுத 'வித்' வேண்டும். மாற்றி எழுதினால் வீடே மகளை உடுத்திக்கொள்ளும்!

தாய் தன் ஆயுட்கால உரிமையை வைத்துக்கொண்டு எழுதினாலும், மகளின் உரிமை அன்றே உரித்தாகிவிடும், அனுபவிப்பதே பின்னாளில். 'மகள் பட்டம் பெற்றால் மட்டும்' என நிபந்தனை இட்டாலோ, அது நிறைவேறும்வரை உரித்தாகாது.

'யாருக்கு?' என்ற கேள்வியை இச்சொல் எப்பொழுதும் உடன்கொண்டே வருகிறது. மட்டக்களப்பின் பழைய முக்குவர் வழமையில் முதுசொம் தாய்வழியே சென்றது. 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் பொதுவான வாரிசு முறையை வகுத்தது. ஆயினும், வீடு மகளுக்கே என்னும் வழக்கம் சீதனத்தில் நிலைத்து நின்றது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கல்குடாக் கரையிலும் வீடுகளை அழித்தது. அதன் பின்னர் கிழக்கிலங்கையில் பல இடங்களில் புதிய வீடுகள் 'குடும்பத் தலைவர்' என்ற பெயரில் கணவருக்கே எழுதப்பட்டன. தாய் தந்த வீட்டைக் கடலுக்குக் கொடுத்த பெண், புதிய வீட்டில் குடியிருந்தாள்; உரிமை அவளுக்கு இல்லை. கூரை மீண்டது, 'இன்' என்பதன் பின் நின்ற பெயர் மாறிவிட்டது.

ஆகவே, மாணவர்களே, எந்தப் பத்திரத்திலும் இவ்வினையைக் கண்டால் அடுத்து நிற்கும் பெயரை வாசித்த பின்பே கையொப்பம் இடுங்கள். பயிற்சிக்கு ஒரு வாக்கியம்: 'தாயின் வளவு மூன்று மகள்மாருக்கும் சமபங்காக உரித்தாகிறது.' இதனை ஆங்கிலமாக்கிப் பாருங்கள். 'இன்' என்பதை மறவாதீர்கள்.