இன்னும் ரெண்டு கான்ட்ராக்ட்

கப்பலில் பிள்ளையை வைத்திருக்கும் பெற்றோரே, உங்களோடு கொஞ்சம் கோபமாகவே பேச வேண்டியிருக்கிறது.

எட்டு வருஷம், பத்து வருஷம் கடலில் ஓடியவன் லீவில் வந்திருக்கும்போது ஒரு நாள் மெதுவாக ஆரம்பிக்கிறான்: "கரைக்கு வந்துரலாம்னு பாக்கேன்மா. மேரிடைம் ஆபரேஷன்ஸ் மேனேஜ்மென்ட்ல மாஸ்டர்ஸ் படிக்கணும்." அம்மாவின் முகம் சுருங்கிவிடுகிறது. அப்பா பேப்பரை மடித்து வைக்கிறார். தூத்துக்குடியில் எனக்குத் தெரிந்த வீடுகளில் அடுத்து வரும் பதில் ஒன்றுதான்: "இன்னும் ரெண்டு கான்ட்ராக்ட் போயிட்டு வாய்யா, அப்புறம் பாத்துக்கிடலாம்." மாடி எடுக்க ரெண்டு, தங்கச்சி கல்யாணத்துக்கு ரெண்டு, தம்பி படிப்புக்கு ரெண்டு. அவனுக்கு நாற்பது வயதானாலும் இந்தக் கணக்கு முடிவதில்லை.

நானும் கப்பல்காரப் பிள்ளையைப் பெற்றவள்தான். டாலர் சம்பளம் ஒரு குடும்பத்தை எப்படி நிமிர்த்தும் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பிள்ளை வீட்டில் தங்கும் நாட்களைக் காலண்டரில் எண்ணிக்கொண்டு, "என்.ஆர்.ஐ. போயிரும், சீக்கிரம் ஜாயின் பண்ணிரு" என்று அவசரப்படுத்தும் தகப்பன்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. நிதியாண்டில் 182 நாள் இந்தியாவில் இருந்துவிட்டால் வரிச் சலுகை போய்விடும் என்பது இவர்களுக்கு மனப்பாடம். அவன் கப்பலில் எத்தனை மணி நேரம் தூங்குகிறான் என்று ஒருநாளாவது கேட்டிருக்கிறார்களா? 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரம், வாரத்துக்கு 77 மணி நேரம் ஓய்வு தர வேண்டும் என்று சர்வதேச விதியே இருக்கிறது. அப்படி விதி போட்டுக் காக்க வேண்டிய நிலையில்தான் அங்கே தூக்கம் இருக்கிறது. துறைமுகத்துக்குள் நுழைந்துவிட்டால் பைலட் ஏறுவது, கயிறு கட்டுவது, சரக்கு, இன்ஸ்பெக்‌ஷன், மறுபடி கயிறு அவிழ்ப்பது என்று இரவும் பகலும் ஒன்றாகிவிடும்.

2020 கடைசியில் உலகம் முழுக்க சுமார் 4 லட்சம் மாலுமிகள் கான்ட்ராக்ட் முடிந்தும் இறங்க முடியாமல் கப்பலிலேயே கிடந்தார்கள். அப்போது நம் தெருக்களில் அழாத கப்பல்கார வீடு இல்லை. "வந்து சேர்ந்தா போதும், அப்புறம் அனுப்பவே மாட்டேன்" என்று வேளாங்கண்ணிக்கும் திருச்செந்தூருக்கும் நேர்ந்துகொண்டோம். கொரோனா போனது, நேர்ந்ததும் மறந்துபோனது.

இன்னொன்றையும் யோசிப்பதே இல்லை. கப்பல் ஏறுகிற ஒவ்வொருவரும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறையாவது மெடிக்கல் பாஸாக வேண்டும். நிறம் பிரித்துப் பார்ப்பதில் குறை வந்தாலோ, முதுகில் டிஸ்க் நழுவினாலோ, இன்சுலின் போட்டாக வேண்டிய சர்க்கரை வந்தாலோ பெரும்பாலும் அன்ஃபிட்தான். நம் குடும்பங்களில் சர்க்கரை இல்லாத குடும்பம் எது? நாற்பதில் அன்ஃபிட் ஆன சீஃப் இன்ஜினியர் கையில் டிக்கெட், அதாவது தகுதிச் சான்றிதழ், இருக்கும், ஏறக் கப்பல் இருக்காது. அன்றைக்கு "ஏதாவது படிச்சிருக்கலாமே" என்று சொல்லப்போவதும் நாம்தான்.

"டிக்கெட் எடுத்தவனுக்கு இன்னும் என்ன படிப்பு?" என்று கேட்கிறீர்கள். 2021 மார்ச் 23 அன்று சூயஸ் கால்வாயில் குறுக்காக மாட்டிக்கொண்ட 'எவர் கிவன்' கப்பலை டி.வி.யில் எல்லாரும் பார்த்தோம். 400 மீட்டர் நீளம். அதிலிருந்த 25 மாலுமிகளும் இந்தியர்கள். ஆறு நாளில் மணலிலிருந்து மீட்டுவிட்டார்கள். ஆனால் அந்தக் கப்பல் கால்வாயை விட்டுப் போனது ஜூலை 7 அன்று. இடைப்பட்ட மூன்று மாதத்துக்கு மேல் அதைப் பிடித்து நிறுத்தியது நஷ்டஈட்டு வழக்கு. கால்வாய் ஆணையம் முதலில் கேட்ட தொகை 90 கோடி டாலருக்கு மேல். கப்பல் முதலாளியோ 'ஜெனரல் ஆவரேஜ்' அறிவித்தார். கப்பலைக் காப்பாற்ற ஆன செலவில், அதில் சரக்கு ஏற்றிய ஒவ்வொருவரும் தத்தம் சரக்கின் மதிப்புக்கு ஏற்பப் பங்கு தர வேண்டும் என்கிற மிகப் பழைய கடல் வழக்கம் அது. ஆயிரக்கணக்கான கன்டெய்னர்களில் யாருடையது என்ன, யார் பங்கு எவ்வளவு, எந்த இன்சூரன்ஸ் கொடுக்கும் என்று உட்கார்ந்து தீர்க்க வேண்டியவர்கள் எல்லாரும் கரையில் இருந்தார்கள். நஷ்டஈட்டுப் பேச்சு தீரும்வரை கப்பலில் இருந்தவர்கள் காத்துக்கிடந்தார்கள். நம் பிள்ளைகள் படிக்க ஆசைப்படுவது இந்தக் கரைப் பக்கத்துப் பாடத்தை.

இவ்வளவு பெரிய விபத்துகூட வேண்டாம். ஐப்பசி மழையில் நம் வ.உ.சி. துறைமுகத்துக்கு உரம் ஏற்றி வருகிற ஒரு கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். சரக்கை இறக்க நாலு நாள் என்று சார்ட்டர் பார்ட்டி, அதாவது கப்பல் வாடகை ஒப்பந்தம், சொல்கிறது. அதைத் தாண்டினால் நாளொன்றுக்கு 15,000 டாலர் டெமரேஜ், அதாவது தாமதக் கட்டணம், என்று வைத்துக்கொள்வோம். வெளி நங்கூரத்தில் வந்து நின்றதுமே "இறக்கத் தயார்" என்று கேப்டன் கொடுத்த நோட்டீஸ் செல்லுமா, பெர்த்தில் கட்டிய பிறகுதான் மணி ஓடுமா? ஞாயிற்றுக்கிழமை கணக்கில் வருமா? மழைக்காக ஹாட்ச், அதாவது சரக்கறை மூடி, மூடிய நேரத்தைக் கழிக்கலாமா? நாலு நாள் தீர்ந்து டெமரேஜ் ஓட ஆரம்பித்த பிறகு பெய்த மழைக்கு அதே கழிவு உண்டா? (பொதுவாகக் கிடையாது. அது தெரியாமல் பணத்தை இழந்த இறக்குமதியாளர்கள் உண்டு.) இதற்கெல்லாம் ஆதாரம் 'ஸ்டேட்மென்ட் ஆஃப் ஃபேக்ட்ஸ்' என்கிற ஒரு தாள். மழை தொடங்கியது 14.20, ஹாட்ச் மூடியது 14.35, திறந்தது 16.50 என்று வரி வரியாக இருக்கும். அந்த 14.20க்கும் 14.35க்கும் நடுவில் நனைந்துகொண்டே ஹாட்சை மூட வைத்தவன் உங்கள் பிள்ளை. அந்தப் பதினைந்து நிமிஷத்துக்கு 150 டாலருக்கு மேல் விலை உண்டு என்பதும், அது யார் பையிலிருந்து போகும் என்பதும் அவனுக்குக் கப்பலில் யாரும் சொல்லித் தருவதில்லை. வகுப்பில் சொல்லித் தருகிறார்கள். ஹாட்சையும் பார்த்தவன், ஒப்பந்தத்தையும் படித்தவன் என்று ஒருவன் கிடைத்தால் எந்த ஆபரேஷன்ஸ் டிபார்ட்மென்டும் விடாது.

2023 நவம்பருக்குப் பிறகு செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டபோது நாம் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோமே, அப்போது சூயஸ் வழியா, ஆப்பிரிக்காவைச் சுற்றியா என்று முடிவெடுத்ததும் கரையில் இருந்த ஆபரேஷன்ஸ்காரர்கள்தான். சுற்றிப்போனால் சுமார் பத்து நாள் கூடும். எரிபொருள் எங்கே நிரப்புவது, போர் அபாய இன்சூரன்ஸ் எவ்வளவு, யாருடைய கான்ட்ராக்ட் நடுவழியில் முடிகிறது, ரிலீவரை எந்தத் துறைமுகத்தில் ஏற்றுவது என்று பார்க்க வேண்டும். அந்த நாற்காலியில் கடலில் கிடந்த அனுபவம் உள்ளவன் உட்கார்ந்தால் கப்பலில் இருக்கும் இருபது பேரின் தாய்க்கு நல்லது.

சம்பளம் குறையும். அதை நான் மறைக்கவில்லை. கரையில் முதல் இரண்டு மூன்று வருஷம் கப்பல் சம்பளத்தோடு ஒப்பிட்டால் கண் கலங்கும். வரியும் பிடிப்பார்கள். ஆனால் கான்ட்ராக்டில் போகிறவனுக்கு வீட்டில் இருக்கும் மாதங்களில் சம்பளம் கிடையாது, கரையில் பன்னிரண்டு மாதமும் உண்டு. இதையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். பிள்ளையோடு விவாதம் பண்ணத்தான் வேண்டும் என்றால் உருப்படியான ஒன்று இருக்கிறது: எந்த டிக்கெட்டோடு இறங்குவது? மரைன் சூப்பரின்டென்டென்ட், டெக்னிக்கல் சூப்பரின்டென்டென்ட் வேலைகளுக்கு மாஸ்டர் அல்லது சீஃப் இன்ஜினியர் டிக்கெட் கேட்பார்கள். ஆபரேஷன்ஸ், சார்ட்டரிங், கிளெய்ம்ஸ், டெர்மினல் பிளானிங் பக்கம் அது கட்டாயமில்லை. அவன் எதைக் குறிவைக்கிறான் என்று கேளுங்கள். சீஃப் மேட் பரீட்சைக்கு ஆறு மாதம்தான் பாக்கி என்றால் அதை முடித்துவிட்டு இறங்கச் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மாடிக்கு டைல்ஸ் போட வேண்டும் என்பதற்காக இன்னொரு கான்ட்ராக்ட் போகச் சொல்வதில் ஒரு நியாயமும் இல்லை.

எங்கே படிப்பது என்று அவனைத் தனியாக அலைய விடாதீர்கள். இந்திய கடல்சார் பல்கலைக்கழகம் 2008ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவானது, தலைமையகம் சென்னையிலேயே இருக்கிறது. துறைமுகம், கப்பல் மேலாண்மையில் இரண்டு வருஷ எம்.பி.ஏ. நடத்துகிறது. ஸ்வீடனின் மால்மோ நகரில், சர்வதேச கடல்சார் அமைப்பு 1983இல் தொடங்கிய உலகக் கடல்சார் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே முதுகலை 14 மாதம். பிரிட்டனில் பெரும்பாலும் ஒரு வருஷம். டி.என்.எஸ். (நாட்டிக்கல் சயின்ஸ் டிப்ளமோ) முடித்து நேரே கப்பல் ஏறியதால் டிகிரி இல்லாத பிள்ளைகளுக்கும் டிக்கெட்டையும் கடல் அனுபவத்தையும் மதித்து இடம் தரும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் உண்டு. கப்பலில் இருந்தபடியே தொலைநிலையில் படிக்கும் வழியும் உண்டு. ஆனால் நாலு மணி நேர வாட்ச் முடித்து வந்து படிக்க உட்காருகிறவன் இரண்டு மடங்கு பாடுபட வேண்டும்.

கப்பலையே பார்க்காத பிள்ளைகளை இந்தப் படிப்பில் சேர்க்கும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. இதை முடித்தால் கப்பலில் ஆபீசர் ஆகலாம் என்று எவனாவது சொன்னால் அவனை வாசலோடு அனுப்பிவிடுங்கள். கப்பல் ஏறத் தேவையான சி.டி.சி. (மாலுமிக்கான கடற்பணிப் புத்தகம்) வேறு, அதற்கான பயிற்சி வேறு. "நூறு சதம் பிளேஸ்மென்ட்" என்று சொல்லி முன்பணம் கேட்கும் ஏஜென்டிடம் நிலப் பத்திரத்தை அடகு வைத்துப் பணம் கொடுத்த குடும்பங்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். மகள் இதைப் படிக்க ஆசைப்பட்டால் "ஹார்பர்ல பொம்பளப்பிள்ளைக்கு என்ன வேலை" என்று வாயை அடைக்காதீர்கள். மேலே சொன்ன டெமரேஜ் கணக்கைப் போட மீசை தேவையில்லை.

கடைசியாக, கல்யாணப் பேச்சு. "பையன் கப்பல்ல செகண்ட் ஆபீசர்" என்று சொல்லும்போது உங்கள் குரலில் வரும் அந்தக் கம்பீரம் எனக்கும் தெரியும். ஹாலில் வெள்ளை யூனிஃபார்ம் போட்டோ மாட்டியிருக்கிறீர்கள். அவன் கரைக்கு வந்துவிட்டால் அந்தப் போட்டோவின் மதிப்பு குறைந்துவிடும் என்றுதான் பயப்படுகிறீர்கள். கட்டிக்கொண்டு வந்த பெண், முதல் குழந்தை பிறந்த செய்தியை அவனுக்கு வாட்ஸ்அப்பில் சொல்கிறாளே, அவளிடம் கேட்டீர்களா? குழந்தை நடக்க ஆரம்பித்ததை வீடியோவில் பார்த்தவன் அவன். வீட்டுக்குள் வந்தால் சொந்தப் பிள்ளையே "யாரு இந்த மாமா" என்று பார்க்கிறது. இதையும் தாங்கிக்கொண்டு பத்து வருஷம் உங்களுக்காக ஓடியவன், தனக்காக ஒன்றிரண்டு வருஷம் கேட்கிறான். கொடுக்க மனம் வரவில்லையா?

செப்டம்பரில் தொடங்கும் படிப்புக்கு அதற்கு முந்தைய வருஷக் கடைசியிலேயே விண்ணப்பம் ஆரம்பித்துவிடுகிறது. உங்கள் பிள்ளை அடுத்த முறை சைன் ஆஃப் ஆகி வந்து இறங்கும்போது, ஜாயினிங் தேதியைக் கேட்பதற்கு முன்னால் விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி என்ன என்று கேளுங்கள்.